தாயாருடன் என்று எழுதியிருந்த படம்

மனைவி மௌத்தாகி, அடக்கமும் முடிந்து மூன்று மாதம் கழித்து, கட்டாரில் இருக்கும் மகள் தன் தாயின் படம் ஒன்று கேட்டாள். பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டுமாம். பிள்ளைகளுக்கு மூத்தம்மாவின் முகம் மறந்துகொண்டு வருகிறதாம்.

என்னுடைய படங்களுக்கு வீட்டில் குறைவில்லை. மாலையோடு, பொன்னாடையோடு, ஒலிவாங்கிக்கு முன்னால், பரிசளிப்பு விழாக்களில். எந்தப் படத்திலும் எனக்கு வயது போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக் குளித்துவிட்டுத்தான் ஜும்ஆத் தொழுகைக்குப் போவேன். கறுப்புச் சாயம் கூடாது என்று குத்பாப் பிரசங்கத்தில் சொல்லும்போது குனிந்துகொள்வேன். கமெராவைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவேன், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

என் மனைவிக்கு என்னைவிட வயது குறைவு. ஆனால் தலை முழுக்க நரைத்திருந்தது, முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அவளுடைய முகம் தெளிவாக விழுந்த படம் அடையாள அட்டையில் இருந்தது. மௌத்தைப் பதியப் போன இடத்தில் அதை ஒப்படைத்துவிட்டேன், ஒரு பிரதி எடுக்கத் தோன்றவில்லை. மிச்சமிருந்தது, நான் பள்ளிக்கூட அதிபராக ஓய்வுபெற்றபோது வெளியிட்ட பாராட்டு மலரில் வந்த படம் ஒன்றுதான்.

அந்தப் படத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மகள் பிறந்த பிறகு, மகளின் தாய் என்ற அர்த்தத்தில், 'மகள்ட உம்மா' என்று கூப்பிடத் தொடங்கினேன். நாள் போகப் போக அது வெறும் 'உம்மா' ஆகிவிட்டது. விழா முடிந்து எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் பெண்கள் பக்கம் நின்ற அவளை அப்படித்தான் கூப்பிட்டேன்.

"உம்மா, இஞ்ச வாங்க."

படம் எடுத்தவர் அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர், எங்கள் குடும்பத்தை அறியாதவர். அவள் வந்து சேருமுன் என் காதருகில் கேட்டார்:

"சேர்ட உம்மாவா? இன்னும் நல்ல திடமா இரிக்காங்க."

அவர் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. அப்படியானால் என்னை எத்தனை வயதுக்காரன் என்று நினைத்திருப்பார் என்ற கணக்குத்தான் முதலில் மனதில் ஓடியது. அது இனித்தது.

"ஓம்," என்றேன்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "உம்மாட தோளில கைய வைங்க சேர், வடிவா இரிக்கும்," என்றார் அவர். வயதான பெண்களை இளையவர்கள் எல்லாரும் உம்மா என்பதால் அவளுக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. நாலு பேர் பார்க்க மனைவியைத் தொடுகிற ஆள் நான் இல்லை. தாயென்றால் வெட்கமில்லை. கையை வைத்தேன். அவள் திடுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பல் விழுந்ததையும் மறந்து வாய் நிறையச் சிரித்தாள்.

மலர் அச்சாகி வந்தது. படத்தின் கீழே 'அதிபர் தமது தாயாருடன்' என்று இருந்தது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் பதறிப்போய் வந்தார், திருத்தம் அச்சடித்து ஒட்டுவோம் சேர் என்றார். வேண்டாம், விடுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அவள் வாசித்துவிட்டு அன்று பின்னேரம் தேநீரோடு வந்தாள்.

"மகன், தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு மூன்று நாள் அதே பகிடி. "ராசா மகன், தலைக்கு மை அடிச்சி முடிஞ்சா சோறு தின்ன வாங்க." பிறகு அதுவும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்திலும் நிற்கவில்லை. பேரப்பிள்ளைகள் வீடியோவில் கூப்பிட்டால், தொலைபேசியை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டுக் குரலை மட்டும் கொடுப்பாள். கண் கூசுகிறது என்பாள். சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் விழுந்த பிறகும் அப்படித்தான். நான் ஒரு நாளும் ஏனென்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

மகளிடம், உம்மாவின் நல்ல படம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"மலர்ல இரிக்கிதானே வாப்பா. கீழ எழுதினத உட்டுட்டு எடுத்து அனுப்புங்க."

மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

"உம்மா சொன்னவவா?"

"ஓம். நான்தான் சண்டைக்கு நிண்டன், வாப்பாட்டக் கேக்கப்போறன் எண்டு. உம்மாதான் கேக்க உடல்ல. 'அந்த மனிசனுக்கு அது ஒரு சந்தோசம், உடு மகள். என்ட தோளில கைய வெச்சாரே, எனக்கு அது போதும்' எண்டாவு."

தோளில் வைத்த கை யாருக்காக என்று அவள் யோசிக்கவே இல்லையா? இல்லை, யோசித்து, அறிந்து, அதையும் போதுமென்று எடுத்துக்கொண்டாளா? இதைக் கேட்க இப்போது ஆளில்லை.

படத்தைத் தொலைபேசியில் எடுத்து அனுப்பினேன். அன்றே வீடியோவில் பேத்தி வந்தாள். என் தலை இப்போது முழு வெள்ளை, கணவனை இழந்த பெண்கள் இத்தாவில் அலங்காரம் இல்லாமல் இருப்பதுபோல நானும் எதையும் பூசாமல் இருந்துவிட்டேன்.

"மூத்தாப்பா, மூத்தம்மாக்குப் பக்கத்தில நிக்கிறது ஆரு? அவட மகனா?"

"இல்ல மகள். அது நான்தான். மூத்தம்மாவக் கட்டின மாப்புள்ள."

பிள்ளை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பொய்," என்றாள்.

மகள் அவளை அதட்டுவது கேட்டது. "அதட்ட வேணாம் மகள்," என்றேன்.