யோசெல் செத்ததைக் கண்ட மனிதர்

மொன்றியல் வான்ஹோர்ன் தெருவில் சலவைக்கடை வைத்திருந்த ஹேர்ஷ் நல்ல மனிதர். ஒரே ஒரு பொய் சொல்லி, அதை வைத்தே நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர். நம்மவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சிக்கனம் வரும்?

போலந்து யூதர். யுத்த காலத்தில் அவருக்கும் பேலாவுக்கும் காதல் வந்தது ஒரு குடியானவனின் பன்றிக்கூட்டுக்குக் கீழே தோண்டிய குழியில். எழுந்து நிற்க உயரமில்லை. இருமினால் மேலே ஜெர்மன்காரன். ஒளித்து வைத்த கூலியாகக் குடியானவன் முதலில் பேலாவின் மோதிரத்தைக் கேட்டான், பிறகு ஹேர்ஷின் காலில் கிடந்த சப்பாத்தை, கடைசியில் பேலாவின் தங்கப் பல்லை. குறடும் அவனே கொண்டுவந்தான். அவள் துள்ளாமல் இருக்கத் தலையை மடியில் அமுக்கிப் பிடித்தது ஹேர்ஷ். அதுதான் தங்கள் முதல் தழுவல் என்று இருவரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பேலாவுக்கு ஏற்கெனவே புருஷன் இருந்தான். பெயர் யோசெல். அவள் குழிக்குள் போவதற்கு முந்திய கோடையில் ஊர் ஆண்களோடு அவனையும் ஜெர்மன்காரர்கள் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து, அகதி முகாமில் கல்யாணம் என்று போய் நின்றபோது மதப் பெரியவர்கள் கேட்டார்கள்: "யோசெல் செத்ததைக் கண்ணால் கண்டவர் யார்?" கண்டவர்கள் எல்லாரும் யோசெலுக்கு மேலேயே பிணமாய்க் கிடந்தார்கள். சாட்சி இல்லாவிட்டால் அவள் சாகும்வரை யோசெலின் மனைவி. விதவைகூட இல்லை.

ஹேர்ஷ் கையை உயர்த்தினார். "நான் கண்டனான். மரத்துக்குப் பின்னாலை நிண்டனான்."

பேலா திரும்பிப் பார்த்தாள். "குழிக்குள்ள இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்பாய். மேலை கேட்டிருக்கும்."

அதற்குமேல் என்ன கேட்பது? மாப்பிள்ளையே சாட்சியா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்; வேறு சாட்சி இல்லாததால் கல்யாணம் நடந்தது. மொன்றியலுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆனால் வருடாவருடம் யோசெலின் நினைவுநாளில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் பேலா கேட்பாள், எப்படிக் கிடந்தார் என்று. ஹேர்ஷ் சொல்லியாக வேண்டும். போன வருடம் சொன்னதை மறக்கவும் கூடாது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் யோசெலின் பிணம்தான் செல்லப்பிள்ளையாய் வளர்ந்தது. இடப்பக்கம் சரிந்த தலை, கழன்ற ஒரு சப்பாத்து, நெற்றியில் ஊரும் எறும்பு.

எண்பத்தேழாம் ஆண்டு நினைவுநாளில் மெழுகுதிரி ஏற்றிய மேசையில் செலீனும் இருந்தாள். மன்னார்க்காரி, கடையில் உடுப்பு அயன் பண்ணுபவள். அவள் கணவனை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய் மூன்று வருடம். மொன்றியலுக்குப் பக்கத்துக் கர்க்லாண்டில் ஒருவர் அவளைக் கட்டக் காத்திருந்தார். அவளுடைய கத்தோலிக்கக் கோயில் சுவாமியாரோ, செத்ததற்கு ஒரு சாட்சியைக் கொண்டுவா என்றுவிட்டார்.

"உனக்கு ஒரு சாட்சி இல்லை, அதுதான் குறை," என்றாள் பேலா. "ஹேர்ஷ், பிள்ளைக்குச் சொல்லுங்கோ." (மூவரும் பேசியது ஆங்கிலம்தான். அவர்கள் மானம் கருதித் தமிழில் தருகிறேன்.)

ஹேர்ஷ் எறும்புவரை சொன்னார். செலீன் கேட்டாள்: "கண் மூடியிருந்ததோ?"

"ஓம்."

"ஆர் மூடினது?"

நாற்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஹேர்ஷ் தண்ணீர் குடித்தார். "அவங்கள் போனாப் பிறகு... நான்தான்."

"இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை!" பேலா அவர் கையை எடுத்து முத்தமிட்டாள், ஒவ்வொரு விரலாக.

குசினியில் கோப்பை கழுவும்போது செலீன் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ்டர் ஹேர்ஷ், நீங்கள் பாக்கேல்லை."

அவர் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது. "எப்பிடித் தெரியும்?"

"என்ர மனுசனைத் தேடி எத்தினை பேரிட்டைப் போனனான். கண்ட ஆக்களுக்கு வாயே திறக்கேலாது. காணாத ஆக்கள்தான் எல்லாம் வடிவாச் சொன்னவை."

"பேலாவுக்குச் சொல்லப்போறியோ?"

"இல்லை. நீங்கள் எங்கட சுவாமியாரிட்டை வந்து, என்ர மனுசன் செத்ததையும் கண்டனெண்டு சொல்லவேணும்."

"விசரோ உனக்கு? உன்ர நாட்டையே நான் கண்டதில்லை!"

"அதுக்கென்ன? யோசெலையும்தான் நீங்கள் கண்டதில்லை."

முன்னறையில் பேலா மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. ஹேர்ஷ் கதவைச் சாத்தினார். கையைத் துடைத்தார்.

"சரி," என்றார். "அவன் அண்டைக்கு என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவன்?"

செலீன் வாயைத் திறந்தாள். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றாள். "நான் நம்பிறன்."