சின்யோராவின் பெயரில் என் கண்ணாடி

இத்தாலியில், சீசா என்ற பகுதியில், வயதான ஓர் அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். அவரை, அம்மணி என்பதுபோல, 'சின்யோரா' என்றுதான் கூப்பிடுவேன். வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று ஒரு வைத்திய நிதி இருக்கிறது. சம்பளத்தோடு அதற்கும் சிறுதொகை கட்டப்படும். கண்ணாடி வாங்கினால் செலவில் ஒரு பகுதியை வரி பிடிக்காமல் திருப்பித் தருவார்கள். பற்றுச்சீட்டு மட்டும் என் பெயரில் இருக்க வேண்டும்.

போன மாதம் கண்ணாடி வாங்கினேன். கடையில் சுகாதார அட்டை கேட்டார்கள். மருந்துக்கடையில் சின்யோராவின் அட்டையை நீட்டிப் பழகிய கை, அங்கும் அதையே நீட்டிவிட்டது; பற்றுச்சீட்டு அவர் பெயரில் வந்துவிட்டது. விண்ணப்பம் நிரப்பித் தரும் அக்காதான் அதைக் கண்டுபிடித்தார்.

"இதுக்கு ஒரு சதமும் வராது. கடையிலை போய் மாத்தித் தரச் சொல்லும்."

"எப்பிடியக்கா கேக்கிறது? வெக்கமாக் கிடக்கு."

"அப்ப காசை விடும்."

சின்யோராவிடம் சொன்னேன். "அப்போ அது என் கண்ணாடி. கழற்றிக் கொடு!" என்று இத்தாலிய மொழியில் கேலி செய்தார். பிறகு, தானும் கடைக்கு வருவதாகச் சொல்லிக் கைத்தடியை எடுத்தார். அவருக்கு முழங்கால் வலி. வீடோ நாலாம் மாடி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே இறங்கினேன்.

சொல்ல வேண்டியதைப் படியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடையில் பழைய பற்றுச்சீட்டையும் என் அட்டையையும் மேசையில் வைத்து, "பெயர் மாறிவிட்டது" என்றேன். கடைக்காரப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புதியதை அச்சடித்துத் தந்தாள்.