இடது பக்கம் சத்தம் குறைவு

வால்வு வைத்த பாட்டு செட் செய்து விற்பது என் தொழில். தென்காசியில் இதைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. பழைய ரேடியோவின் பின்பக்கம் கண்ணாடிக் குழாய்கள் மஞ்சளாக எரியுமே, அதுதான் வால்வு. உலகம் அதைத் தூக்கிப் போட்டு வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் போட்டு, எப்போது கிடைக்கும் என்று கெஞ்சுவார்கள். நான் கொஞ்சம் கிராக்கி பண்ணித்தான் ஒத்துக்கொள்வேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஸ்டெபிலைசருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்த ஆள் நான். செல்போனில் வீடியோ பார்த்து, டிரான்ஸ்பார்மரைக் கருக்கி, ஷாக் வாங்கிப் படித்த படிப்பு. செட்டுக்குள் ஓடுவது வீட்டுக் கரண்டைவிட அதிகமான வோல்ட். அதனால் கரண்ட் ஓடும்போது இடது கையை பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும்தான் உள்ளே தொடுவேன். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போய்விடும். வேட்டியில் பை கிடையாது என்பதற்காகவே கடையில் பேண்ட் போட ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிட்டார் என்று தெருவில் கேலி பேசினார்கள்.

மீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஆனால் கடைசித் தீர்ப்பு என் காதுடையது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நேராக ஒரு சுழல் நாற்காலி போட்டிருக்கிறேன். ஒற்றைக் குரல் பாடும் ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டு அதில் உட்காருவேன். இடமும் வலமும் சமமாக இருந்தால், பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நிற்பார். அந்த இடத்தைக் கையால் தொட்டுவிடலாம் போலிருக்கும். அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறவரை உள்ளே இருக்கும் சின்னத் திருகைத் திருகிக்கொண்டே இருப்பேன். மீட்டருக்கென்ன காதா இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பேன். காது போனால் தொழில் போச்சு என்று என் மனைவி விளையாட்டுக்குச் சொல்லுவாள். அவளுக்கு இந்த செட்டுகளைக் கண்டாலே ஆகாது. அறையெல்லாம் அடுப்படி மாதிரி சுடுகிறது என்பாள்.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்தது. வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு விடிகாலை மச்சினனும் நானும் ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் கனத்து விழுந்துகொண்டிருந்தது. தலையைக் கொடுத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். மறுநாள் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. உள்ளே ஓயாத இரைச்சல்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். குற்றாலத்தில் குளித்தவனுக்குக் காதில் தண்ணீர் போகும், தானாக வரும். சிறு வயதிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தேன். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். வெயிலில் சூடான கூழாங்கல்லைக் காதோடு அணைத்துப் பிடித்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று ஒரு பழக்கம் உண்டு. சாரல் நாளில் வெயிலுக்கு எங்கே போவது? ஓடிக்கொண்டிருக்கும் செட்டில் டிரான்ஸ்பார்மர் மூடிமேல் கல்லை வைத்துவிடுவேன். பதமான சூடு ஏறியதும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். சுகமாக இருக்கும். ஐந்தருவியில் ஒரு அருவியைக் காதுக்குள்ள கொண்டாந்துட்டீங்களே அத்தான் என்று மச்சினன் சிரித்தான். இரைச்சல் உண்மையிலேயே அருவிச் சத்தமாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் உள்ளே இருக்கிறது, அதுதான் இரைகிறது என்று நம்பினேன்.

அந்த நாட்களில்தான் ஆய்க்குடிக்காரர் ஒருவருக்கு செட் முடித்துக்கொண்டிருந்தேன். ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பென்ஷன் வந்ததும் தனக்கென்று ஆசைப்பட்டுச் செய்யச் சொன்ன ஒரே பொருள் அது. செட் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பாடுகிறவர் நடுவில் நிற்கவில்லை, வலது பக்கம் ஒதுங்கி நின்றார். இடது பக்கம் சத்தம் குறைவு என்று திருகைத் திருகினேன். கொஞ்சம் நகர்ந்தார். இன்னும் திருகினேன். திருகு கடைசி வரை போன பிறகும் அவர் நடுவுக்கு வந்து சேரவில்லை. அறையின் கோணலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்துக்குள் ஆய்க்குடிக்காரர் ஆட்டோவில் செட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"தம்பி, பாட்டுக்காரர் நடுவுல நிக்க மாட்டேங்காரு. இடப்பக்கம் சன்னல்கிட்ட போயி நிக்காரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் செட் எந்தப் பக்கமாவது சாயும் என்றால் வலது பக்கம் சாயும், இடது பக்கம் எப்படிப் போகும்? காது கேட்காத மனுஷன் வந்து எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று வந்தது.

"அண்ணாச்சி, பீரங்கி வெடிச்ச காது ஒங்களுக்கு. மொதல்ல ஒரு காது டாக்டர்ட்ட காட்டுங்க. செட்டுல ஒண்ணுமில்ல."

அவர் கோபப்படவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போலத் தெரிந்தது. பிறகு, வைத்துவிட்டுப் போகிறேன், முடிந்தபோது பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நானும் வீம்புக்கு அந்த செட்டைத் தொடாமல் மூலையில் போட்டுவைத்தேன். நாட்கள் போயின. காதுக்குள் அருவி விழுந்துகொண்டே இருந்தது. செட் செய்யும் சூட்டில் கல்லும் சூடாகிக்கொண்டே இருந்தது.

பிறகு வேறு ஒரு புது செட்டிலும் இடது பக்கம் குறைந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. வாங்கிய வால்வு லாட் முழுவதுமே மட்டம் என்று முடிவு கட்டினேன். நல்ல வால்வுகளைக் கழித்துக் கட்டினேன். நானே பார்த்துப் பார்த்துச் சுற்றிய ஒரு டிரான்ஸ்பார்மரை, உள்ளே சாரல் ஈரம் இறங்கியிருக்கும் என்று அறுத்துப் போட்டேன். உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது. ஒரு குறையும் இல்லை. அறுத்தது அறுத்ததுதான்.

ஒரு மத்தியானம் ஆய்க்குடிக்காரர் செட்டை எடுத்து மேசைமேல் வைத்து முறைப்படி ஆரம்பித்தேன். இடம் வலம் என்று இரண்டு பக்கம் உள்ள எந்தப் பொருளிலும் பழுது தேடுவதற்கு எனக்கு ஒரே வழிதான். இடத்தில் இருப்பதைக் கழற்றி வலத்தில் மாட்டு, வலத்தில் இருப்பதை இடத்தில் மாட்டு. குறையும் கூடவே பக்கம் மாறினால் அந்தச் சாமானில்தான் பழுது. வால்வுகளை மாற்றினேன். இடது பக்கமே குறைந்தது. வயர்களை மாற்றினேன். இடதுதான். ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றி வைத்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. அப்போதும் இடதுதான். மாற்றுவதற்கு இனி ஒன்றுமே மிச்சமில்லை.

ஆத்திரத்தில் நாற்காலியைத் திருப்பி, செட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் வலது பெட்டியிலிருந்து இடது பெட்டிக்குப் போய்விட்டார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. முன்னே திரும்பினேன். அவர் பழைய இடத்துக்கு வந்தார். மறுபடி முதுகைக் காட்டினேன். மறுபடி போனார். ராட்டினத்தில் ஏறிய பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். செட்டும் பெட்டியும் வயரும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அந்த அறையில் பக்கம் மாறிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். குறையும் என்னோடு கூடவே பக்கம் மாறியது.

மீட்டரை எடுத்தேன். இரண்டு பக்கத்தையும் அளந்தேன். ராணுவக்காரர் சொன்னது அச்சு அசலாகச் சரி. இடது பக்கத்தை நான்தான் ஏற்றி வைத்திருந்தேன். பயந்துவிட்டேன். அப்படி ஒரு பயம் கரண்டில் கை வைத்தபோதுகூட எனக்கு வந்ததில்லை. மனைவியைக் கூப்பிட்டு இடது காதில் மெதுவாக ஏதாவது சொல்லச் சொன்னேன். அவள் குனிந்து என்னவோ சொன்னாள். மூச்சுக்காற்றின் சூடு தெரிந்தது, சொல் வரவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்றேன். அவள் சொல்லாமல் என் முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரும் இல்லை அழுக்கும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். கவட்டை மாதிரி இருந்த ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எங்கே கேட்கிறது என்று கேட்டார். நடுவில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே சத்தத்தை நிறுத்துவதுதானே என் பிழைப்பு. வலது பக்கம் என்றேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, சாரல் ஆரம்பத்தில் அருவியில் குளித்ததிலிருந்து என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"தண்ணி இத்தனை நாள் காதுக்குள்ள நிக்காதுங்க. இது நரம்பு. திடீர்னு வரும். முத ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்து மீட்டுப் பாத்திருக்கலாம். இங்க எல்லாரும் அருவித் தண்ணினு சொல்லிக்கிட்டு லேட்டாத்தான் வருதாங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அலுத்துப்போன குரலில் சொன்னார். மாத்திரை கொடுத்தார், காதுக்குள் ஊசியும் போட்டார். திருநெல்வேலியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எடுத்த டெஸ்டில், இடது காதுக்கான கோடு தாளின் அடிமட்டத்தில் போய்ப் படுத்துக் கிடந்தது. இரைச்சல் மட்டும் போகவே இல்லை.

ஆய்க்குடிக்காரர் செட்டை மீட்டர் வைத்துச் சரிசெய்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டில் மாட்டிப் பாட்டைப் போட்டதும், இப்போது நடுவில் நிற்கிறார் என்று தலையாட்டினார். நான் மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமாக இல்லை.

"எனக்கு அன்னைக்கே பட்டுது தம்பி. படைல இப்பிடி எத்தனை பேரப் பாத்திருக்கேன். நான் பேசப் பேச நீங்க வலது காதைத் திருப்பித் திருப்பிக் குடுத்திய. சொல்லணும்னுதான் நெனச்சேன். நீங்க கோவமா பேசவும், நமக்கெதுக்குன்னு வந்துட்டேன்."

அவர் வந்துபோன அந்த நாள், டாக்டர் சொன்ன இரண்டு வாரத்துக்குள் வருமா, தாண்டிவிடுமா என்று நான் நாள்காட்டியை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன். அது தெரிந்தால் என்னால் தூங்க முடியாது.

செட் இன்னும் செய்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. சாலையில் ஹார்ன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாததால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். வாங்குகிறவர்களிடம் காது விஷயத்தைச் சொல்வதில்லை. பொய்யா என்று கேட்டால் ஆமாம், பொய்தான். மீட்டர் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுகிறது. கடைசிக் கால்வாசிக்கு மனைவி வருகிறாள். செட்டின் சூடு ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்து என் நாற்காலியில் உட்காருகிறாள். நான் அவளுக்கு எதிரே, இரண்டு பெட்டிக்கும் நடுவில் செட்டை வைத்துக்கொண்டு, இடது கையைப் பைக்குள் விட்டுத் தரையில் உட்காருகிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு வருகிற இடத்தை விரலால் காட்ட வேண்டும். விரல் சன்னல் பக்கம் போனால் திருகை இப்படித் திருப்புவேன், கதவுப் பக்கம் போனால் அப்படி.

போன வாரம் ஒரு செட் அனுப்ப வேண்டியிருந்தது. அவள் விரல் அங்கும் இங்கும் கொஞ்சம் அலைந்தது. ஒரு இடத்தில் வந்து நின்றது.

"இங்கன. இங்கனதான் நிக்காரு. அசையவே இல்ல."

அவள் விரல் என் நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் நிற்கும் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவர் அங்கே இல்லை. வலது பக்கம் எங்கேயோ சுவருக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தார். இடது பக்கம் அருவி விழுந்துகொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டுத் திருகின் தலையில் ஒரு சொட்டுப் பெயின்டை வைத்தேன், இனி நகராமல் இருக்க.