தம்பி ஏறிய மரம்

சுனாமிக்கு முன்னால் எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அதற்குப் பிறகு நான்கு பேர் ஆனார்கள். நான்காவதாக வந்தவள் என் தங்கச்சி மகள்.

அப்போது போர்ட் பிளேயரில் ஜங்லிகாட் என்ற இடத்தில், மேட்டுப் பக்கமாக, தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கீழே ஒரு பட்டறையில் மீன்பிடி படகுகளின் எஞ்சின் பழுது பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர் பட்டறைக்குள் புகுந்து சேற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. எங்கள் வீட்டுப் படிவரை வரவில்லை. சுவரில் ஒரு வெடிப்பு, உடைந்த நாலைந்து பாட்டில்கள், அவ்வளவுதான் எங்களுக்கு நேர்ந்தது.

என் தங்கச்சி நிக்கோபாரில் கச்சால் தீவில் இருந்தாள். நானும் அங்கே வளர்ந்தவள்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் அப்பா அம்மாவைத் திருப்பி அனுப்பியபோது அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில்தான் வேலை கொடுத்தார்கள். கல்யாணமாகி நான் போர்ட் பிளேயர் வந்துவிட்டேன். அவள் அங்கேயே ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள்; ஒரு மகள், அவளுக்குக் கீழே ஒரு பையன். அவள் புருஷனுக்கு கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி பக்கத்து கோடவுனில் வேலை என்பதால், மற்றவர்களைப் போல மேலே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இல்லாமல் கடலோரத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள்.

நிக்கோபாரிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் நாங்கள் ஜெட்டிக்கு ஓடினோம். ஒரு நாள் மத்தியானம் தங்கச்சி புருஷன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை. யாரோ கொடுத்த பெரிய ஆள் சட்டை ஒன்று அவள் முழங்கால்வரை தொங்கியது. அவள்தான் சொன்னாள்.

"பெரியம்மா, அம்மா இல்ல."

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். தம்பி எங்கே என்று கேட்காமலே வீட்டுக்கு நடந்தேன். என் தங்கச்சியைக் கண்டுபிடித்து அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்பதும், பையன் கிடைக்கவே இல்லை என்பதும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சில வாரம் இருந்துவிட்டு, மகளை என்னிடம் விட்டுவிட்டு அவர் கச்சாலுக்குத் திரும்பிப் போனார். பையன் எங்காவது ஒரு கேம்பில் இருப்பான், ஏதோ ஒரு கப்பலில் மெயின்லேண்டுக்கு ஏற்றிப் போயிருப்பார்கள் என்று அவர் நம்பினார். அவருக்கு ஈமக்காரியம் செய்ய மனசு வரவில்லை.

எங்கள் சின்னவனும் அந்தப் பையனும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அந்தப் பையன் சில மாதம் மூத்தவன், உடம்பிலும் ஒரு சுற்றுப் பெரியவன். அக்காளும் தங்கச்சியும் ஒன்றாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்து அம்மா சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பையன்களும் ஒரே சாடை. அகன்ற நெற்றி, மேலே ஏறிய உதடு.

நான்கு பிள்ளைகளையும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். பெரியவள் கண்ணாடியை விட்டு நகர மாட்டாள். நடுப்பையன் ஒரு காலில் சாக்ஸோடு இன்னொன்றைத் தேடுவான். சின்னவன் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவான். தங்கச்சி மகள் மட்டும் எல்லோருக்கும் முன்னால் தயாராகி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அவளை ஒன்றுக்கும் அதட்ட வேண்டியதில்லை. அதுவே எனக்கு என்னவோ போலிருக்கும்.

பூமி மறுபடி மறுபடி ஆடிக்கொண்டிருந்த வருஷம் அது. சாயங்காலம் நால்வரும் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். திடீரென்று பென்சில்கள் நின்றுவிடும். நான்கு தலையும் மூலையில் இருக்கிற தண்ணீர்க் குடத்தைப் பார்க்கும். தண்ணீர் அலம்பினால் அவள் எழுந்து சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். அவள் வயசுக்குத் தூக்க முடியாத கனம். மற்ற இருவரையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவாள்? தன் கூடப்பிறந்தவனையும் தம்பி என்றுதான் சொன்னாள். "தம்பிக்கு முட்டைன்னா உசுரு பெரியம்மா" என்பாள். "தம்பி இடது பக்கம் படுத்தாத்தான் தூங்குவான்" என்பாள். எந்தத் தம்பியைச் சொல்கிறாள் என்று எனக்குப் பாதி நேரம் பிடிபடாது. கேட்கவும் தயக்கமாக இருக்கும். சின்னவனுக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்வாள். "ஒரு நாள் தம்பி நண்டு புடிக்கப் போனான்" என்று ஆரம்பிப்பாள். அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான். அந்தக் கதைகளில் வரும் தம்பி தான்தான் என்று அவன் எடுத்துக்கொண்டது எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

அவள் அப்பா வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கப்பலில் வருவார். வரும்போதெல்லாம் சின்னவனுக்கு ஒரு சட்டை கொண்டுவருவார். எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். சின்னவன் அளவு தெரியாமல் எடுக்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் துவைத்துக் கொடியில் போடும்போதுதான் உறைத்தது. கிடைக்காமல் போன பையன் இருந்திருந்தால் அந்தச் சட்டை அவனுக்குச் சரியாக இருக்கும். வெயிலில் ஆடிக்கொண்டிருந்த அந்தச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மற்ற துணிகளையும் காயப் போட்டேன்.

சின்னவன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவன் டீச்சர் சொல்லியனுப்பினாள். புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பெண். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு இந்தியில் கேட்டாள்.

"ஆப் உஸ்கீ மௌஸி ஹேன் நா?"

நீங்கள் அவனுக்கு அம்மா கூடப்பிறந்தவர்தானே என்று கேட்கிறாள். நான் அவன் அம்மா என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. சுனாமியில் தன் அம்மா செத்துப்போய்விட்டதாகவும், தான் மட்டும் ஒரு பலா மரத்தில் ஏறித் தப்பித்ததாகவும், தண்ணீர் கறுப்பாக வந்ததாகவும், மரத்தின் மேலேயே ஒரு நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்ததாகவும் அவன் வகுப்பில் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளெல்லாம் அழுதிருக்கிறார்கள். டீச்சரும் அழுதிருக்கிறாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சின்னவன் கையைப் பிடித்திருந்தேன். "நீ எப்படா மரத்துல ஏறுன?" என்று கேட்டேன்.

"சுனாமியிலதான்" என்றான், நான் மறந்துவிட்டேன் என்பது போல. "நாய்க்குட்டி ஈரமா இருந்துச்சும்மா. நடுங்குச்சு."

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் மடியில் இருந்தான். பூமி ஆடியபோது அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியவள் நான். அதைச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நம்பவில்லை.

மறுநாள் தங்கச்சி மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "தம்பி மரத்துல ஏறுனான்னு உனக்கு யாருடி சொன்னா?"

அவள் தலையை அசைக்காமல் இருந்தாள். "ஏறியிருப்பான் பெரியம்மா. அவனுக்கு ஏறத் தெரியும்."

அவளுக்குப் பின்னிவிட்டு எழுந்தேன்.

பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா விஷயம் கேள்விப்பட்டு, "பச்சே பர் சாயா ஹே" என்றாள். பிள்ளைமேல் நிழல் விழுந்திருக்கிறதாம். அவள் சொன்ன இடத்துக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்கிவந்து கட்டினேன். சின்னவன் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தம்பிக்கா?" என்று கேட்டான். என் பிள்ளை என் கண்முன்னாலேயே வேறொரு பிள்ளையாகிக்கொண்டிருந்தான். யாரிடம் போய் அவனைத் திருப்பிக் கேட்பது? செத்துப்போன என் தங்கச்சியிடமா?

பெரிய லீவில் அவள் அப்பா வந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தரையில் உருண்டுகொண்டிருந்தார்கள். அவர் சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு சின்னவன் அவர் முன்னால் போய் நின்றான். சட்டைக் கை விரல் நுனிவரை மூடியிருந்தது.

"அப்பா, நல்லாருக்கா?"

என் வீட்டுக்காரர் கையிலிருந்த ரேடியோவை அணைத்தார். தங்கச்சி மகள் தன் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஆசையோடு பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் சின்னவனை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். 'நான்தான் உன் அப்பா' என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

"நான் உனக்குச் சித்தப்பா, ராசா" என்றார். "உங்கப்பா அந்தா இருக்காரு."

"மரத்துலேருந்து நீங்கதான எறக்குனீங்க?"

"எந்த மரத்துலேருந்து?"

"பலா மரம். நம்ம வீட்டுக்கிட்ட."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, நான்கு பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிட்டார். அதுவரை அந்தக் காலையைப் பற்றி அவர் எங்களிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

"நானும் அக்காவும் வெறகு பொறுக்க மலைமேல போயிருந்தோம். தரை ஆடுச்சு. அக்கா மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அப்பொறம் ஒரு சத்தம். பெரிய லாரி வர்ற மாதிரி. நாங்க எறங்கி வந்தப்போ வீடு இல்ல. கோடவுன் இல்ல. ஒன்னுமே இல்ல, தண்ணிதான். தம்பி எங்க போனான்னு நானும் பாக்கல, அக்காவும் பாக்கல. பாத்தவங்க யாருமே இல்ல." சின்னவன் தோளைத் தொட்டார். "நம்ம வீட்டுக்கிட்ட பலா மரமே இல்லடா. தென்னைதான். அதுல அவனால ஏற முடியாது."

"இருந்துச்சு" என்றான் சின்னவன்.

"இல்லப்பா."

அப்போது தங்கச்சி மகள் அழுதாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை காலத்தில் அழுது நான் பார்த்ததில்லை. குரல் வரவில்லை, உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. பெரியவள் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அவரும் அழுதார். "இல்லம்மா, அவன் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகளுக்குச் சொன்னாரோ, தனக்கே சொல்லிக்கொண்டாரோ.

மறுநாள் காலை அவர் மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றார். ஐயர் ஒருவரை வைத்துக் கடற்கரையில் பையனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். நான் சோறு ஆக்கிக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் வரும்போது நால்வருக்கும் தின்பண்டம் கொண்டுவந்தார். சட்டை கொண்டுவரவில்லை.

அவள் அந்தக் கதைகளை நிறுத்திவிட்டாள். சின்னவனும் பள்ளிக்கூடத்தில் சொல்வதை விட்டான். ஆனால் மழை பெரிதாகப் பிடித்தால் வாசலுக்குப் போய், வழிந்தோடும் தண்ணீரை நின்று பார்ப்பான். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்பான்.

தங்கச்சி மகள் பத்தாவது எழுதி முடித்த லீவில் நாங்கள் எல்லோரும் கச்சாலுக்குப் போனோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. அவள் அப்பாவுக்கு மேட்டில் புதிதாகக் கட்டிய வீடு கொடுத்திருந்தார்கள். சமைத்து வைத்துக் காத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கீழே கடலோரம் நடந்தோம்.

நான் வளர்ந்த ஊரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தரை அமுங்கிப்போய்க் கடல் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் கோலி விளையாடிய இடம் தண்ணீருக்குள் இருந்தது. தலையில்லாத தென்னை மரங்கள் கடலுக்குள் வரிசையாக நின்றன. குவார்ட்டர்ஸ் எங்கே இருந்தது என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அலை புரண்டது.

சின்னவன் தனியாக முன்னால் நடந்தான். தண்ணீர் விளிம்பில் நின்று இடதும் வலதுமாகப் பார்த்தான். கூப்பிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் குழப்பம் இருந்தது.

"இது இல்லம்மா" என்றான். "வேற இடம்."

"இதுதான்டா" என்றாள் தங்கச்சி மகள்.

"இல்லக்கா. எனக்குத் தெரியும்."

அவள் அவனோடு வாதாடவில்லை. அவன் தலையைக் கலைத்துவிட்டாள். அவனுக்குத் தெரிந்த அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அன்று முழுவதும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்றும் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று துணி மடிக்கும்போது அவள் தன் துணிகளைத் தனியே எடுத்து வைத்திருந்தாள்.

"பெரியம்மா, நான் அப்பாகூடவே இருந்துக்குறேன். இங்கயும் ஸ்கூல் இருக்குல்ல. அவரு தனியா இருக்காரு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? உரிமை இருந்தது, சொல்லவும் சொன்னேன். கடலைக் காட்டி, "இதைப் பாத்துக்கிட்டே இருப்பியா?" என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கயும் கடல்தான பெரியம்மா" என்றாள்.

ஜெட்டியில் அவள் அப்பாவின் பக்கத்தில் நின்று கையாட்டினாள். கப்பல் திரும்பியதும் அவர்கள் மறைந்துபோனார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தது. பெரியவளுக்கு வாந்தி நிற்கவில்லை. நடுப்பையன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். சின்னவன் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, இருட்டும்வரை கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.