சிஞ்ஞோராவுக்குத் தினம் ஒரு படம்

காலைத் தேநீர் குடித்து முடித்ததும் நான் செய்கிற முதல் வேலை, போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவது. சிசிலியாத் தீவின் மொண்டெல்லோவில், கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய வீட்டை நானும் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்களும் பள்ளிக்கூடம் போகிற மகளும் இருக்கிறோம். நாங்கள் மரியாதையாகச் 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுகிற வீட்டுக்காரி, முழங்கால் வருத்தத்தால் தனியாக இருக்க முடியாமல் வடக்கே மிலானோ நகரத்தில் மகனோடு இருக்கிறார். புறப்படும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தினம் ஒரு படம் எடுத்து அனுப்பு.

எதைப் படம் எடுப்பது என்று கேட்டேன். "உன் கண்ணில் படுவதை" என்றார். அன்றைக்குத் தொடங்கியது என் குழப்பம்.

என் கண்ணில் என்ன படும்? காய்ந்த இலை படும். மழைத்தண்ணீர் ஓட முடியாமல் அடைத்துக்கொண்ட கூரைப் பீலி படும். பார்த்ததும் எரிச்சல் வரும், துப்புரவாக்குவேன். துப்புரவாக்கிய பிறகு படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே ஊரார் எதைப் படம் எடுப்பார்களோ அதையே நானும் எடுத்தேன். மதில் முழுக்கப் பூத்துக் கிடந்த போகன்வில்லா. வெயில் விழுகிற படிக்கட்டு. முன்மண்டபத்துத் தரையில் நீலமும் மஞ்சளுமாகப் பதித்த ஓடுகள். அனுப்பினால், சிஞ்ஞோரா பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கீறுகள் வரும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஒருநாள் வேறொன்றும் அகப்படாததால், சாப்பாட்டறைக் கூரையில் வரைந்திருந்த ஓவியத்தை எடுத்தேன். கொழுத்த குழந்தைகள் திராட்சைக் குலையைப் பிடித்து விளையாடுகிற ஓவியம். அதில் ஒரு குழந்தைக்குக் காலைக் காணோம். சுண்ணாம்போடு பெயர்ந்து விழுந்துவிட்டது. அந்தப் படத்துக்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் போன குழந்தைக்கு இதயம், பூத்த மதிலுக்கு ஒன்றுமில்லையா?

கறிச்சாமான் வாங்கப் பழைய நகரத்து அல்பெர்கேரியாவுக்குப் போகிற நாட்களில் அந்தச் சந்துகளையும் எடுத்தேன். பல்கனிக்குப் பல்கனி காயும் உடுப்புகள். சுவரில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மாதா, முன்னால் பிளாஸ்டிக் பூவும் மின்சார மெழுகுதிரியும். கார் நிறுத்துகிற இடத்தை வேறொருவர் பிடிக்காதபடி நடுத்தெருவில் யாரோ போட்டுவைத்த கதிரை. கால்சா என்கிற பகுதியில் ஒரு பெரிய மாளிகையைத் திருத்திப் பளபளவென்று பூசியிருந்தார்கள். அதை ஒட்டியிருந்த இடிந்த சுவரின் வெடிப்பில் அத்திமரம் ஒன்று முளைத்திருந்தது. உல்லாசப் பயணிகள் மாளிகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்திமரத்தைப் படம் பிடித்தார்கள். இந்த ஊரில் எது கலை, எது குப்பை என்று எனக்கு யாராவது சொல்லித் தந்தால் நல்லது. நான் இரண்டையும் அனுப்பினேன். அத்திமரத்துக்கும் கதிரைக்கும் இதயம் வந்தது. மாளிகைக்கு நீலக் கீறு மட்டும்.

"அவவுக்கு வயசு போட்டுது, கை தவறி அமத்துறா" என்றாள் மனைவி. அவள் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாள். எனக்கு அது போதவில்லை.

பிறகு ஒருநாள் சிஞ்ஞோராவின் மகன் பேசினார். நல்ல மனிதர், குரலில் தேன் வடியும். என் படங்கள் பிரமாதம் என்றார். அவற்றை அம்மாவின் போனிலிருந்து தானே எடுத்துக் கொடுத்ததாகவும், வீடு விற்கிற முகவர் அவற்றையே விளம்பரத்தில் போட்டுவிட்டதாகவும் சொன்னார். "படிக்கட்டுப் படத்தைப் பார்த்தே மூன்று குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. தொடர்ந்து எடுங்கள்!" நான் நன்றி சொன்னேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன்.

வீடு விற்றால் எங்கள் இரண்டு அறைகளும் அதோடு போகும். இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவில், எங்கள் அனுமதிப் பத்திரத்தில், இருக்கும் விலாசம் இதுதான். மகளின் பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. வேறு வீடு தேடினால், போனில் 'வந்து பாருங்கள்' என்பவர்கள் எங்கள் முகத்தைக் கண்டதும் 'நேற்றே கொடுத்துவிட்டோம்' என்பார்கள். அதை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறோம்.

"இஞ்சாருங்கோ, இனி வடிவாப் படம் பிடிக்கிறதை விடுங்கோ" என்றாள் மனைவி. "நீங்கள் பிடிச்ச வடிவாலைதான் வீடு போகப்போகுது."

"வடிவில்லாமப் பிடிச்சால், வேலைக்காரன் தோட்டத்தைப் பாக்கேல்லை எண்டு எங்களைத்தான் முதல்லை அனுப்புவினம். அது தெரியுமோ உமக்கு?"

"அப்ப இடைநடுவாப் பிடியுங்கோ."

ரோசாப்பூவை இடைநடுவாகப் பிடிப்பது எப்படி? நான் முயன்று பார்த்தேன். வெயிலுக்கு எதிராக நின்று எடுத்தேன். பாதிப் பூவும் பாதி வாளியுமாக எடுத்தேன். முகவருக்கு அதுவும் பிடித்துப்போனது. இப்போதெல்லாம் இப்படித்தான் எடுக்கிறார்களாம். ஆப்பிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று வீசியபோது, சகாராப் பாலைவனத்து மண் வந்து தோட்டம் முழுவதையும் மூடியது. இலை, உட்காருகிற வாங்கு, படி எல்லாம் செம்மஞ்சள் புழுதி. நல்லதாகப் போயிற்று என்று கழுவாமல் விட்டு, அந்தக் கோலத்தை எடுத்தேன். "என்ன ஒளி! என்ன நிறம்!" என்று சிஞ்ஞோராவின் மகன் எழுதினார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அசிங்கமாக எடுக்கக்கூடத் தெரியாத ஒருவன் உலகத்திலேயே நான் மட்டும்தான் என்று நினைத்தேன்.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாப்பாட்டறையில் நின்று கைகளை விரித்து அளந்தார்கள். எங்கள் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்து, மகளின் கட்டில் இருக்கிற இடத்தில் குளியலறை வரும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மகள் கட்டிலில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு இத்தாலியன் எங்களைவிட நன்றாக விளங்கும். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிய மனைவி தோட்டத்தில் எலுமிச்சம்பழம் பிடுங்கினாள். ஒன்றை இரும்புக் கம்பியால் ஊடுருவக் குத்தி, மேலும் கீழும் செத்தல் மிளகாய் கோத்து, முன்கதவுக்கு மேலே தொங்கவிட்டாள். இன்னொன்றை வெட்டிக் குங்குமம் அப்பி, வாசற்படியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதியாக வைத்தாள். எங்கள் ஆட்களின் கடைகளிலும் வீடுகளிலும் வழமையாகப் பார்க்கிற காட்சிதான். கண்ணூறு பட்டால் அதிலேயே போகட்டும் என்பதற்கு. எங்கள் பின்கதவில் எப்போதும் ஒன்று தொங்கும், இன்றைக்கு முன்னுக்கும் வந்திருக்கிறது. அதனால் அது என் கண்ணை உறுத்தவேயில்லை. அன்றைய படத்துக்கு முன்கதவையே எடுத்தேன். பழைய மரக்கதவில் காலை வெயில், நடுவில் எலுமிச்சம்பழம். அனுப்பிவிட்டுத் தண்ணீர் விடப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தது. படியடியில் நின்ற அந்தப் பெண் மேலே பார்த்தாள், கீழே குங்குமத்தைப் பார்த்தாள், புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்புபோல் நீட்டி நிலத்தை நோக்கிக் காட்டினார். கூட வந்த முகவர் ஏதோ சொல்லச் சொல்ல, இருவரும் காருக்குப் போய்விட்டார்கள். நான் குழாயும் கையுமாக நின்றேன். மனைவியைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டால், அவளுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் சிஞ்ஞோரா போனில் அழைத்தார். அவர் குரலைக் கேட்டே பல மாதங்கள். மூச்சு வாங்கியது.

"கதவில் அதை யார் வைத்தது? கையால் தொடாதே! பாதிரியாரைக் கூப்பிடு!"

அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. சிசிலியாவில் எலுமிச்சம்பழத்தை ஊசியாலோ கம்பியாலோ குத்தி ஒரு வீட்டில் வைத்தால், அது செய்வினை. அந்த வீட்டில் ஒருவர் சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைப்பது. காலையில் வந்தவர் விரலால் கொம்பு காட்டியதும் அது தன்னில் ஒட்டாமல் இருக்கத்தான். தன்னுடைய சாவை யார் வேண்டுகிறார்கள் என்று சிஞ்ஞோரா ஒவ்வொரு பெயராகச் சொன்னார். செத்துப்போன நாத்தனாரின் பெயர்கூட வந்தது. கடைசியில் தணிந்த குரலில் மகனின் பெயரைச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் பழத்தைக் கழற்றுவார்கள், வீடு விலைப்படும், நாங்கள் தெருவுக்கு வருவோம். பேசாமல் இருந்தால் வாங்க ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் இந்த மனுஷி பெற்ற பிள்ளை தன்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு மிலானோவில் கிடப்பார். போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன். மனைவி என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"சிஞ்ஞோரா, அது நான் கட்டியது" என்று இத்தாலியனில் சொன்னாள். "எங்கள் ஆட்களின் வழக்கம். சாவதற்கு அல்ல, காவலுக்கு. கெட்ட கண் வீட்டில் படாமல் இருக்க."

சிஞ்ஞோராவின் குரல் எனக்கும் கேட்டது. "யாருடைய கண்?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"வாங்க வருகிறவர்களுடைய கண். விற்கிறவர்களுடைய கண்ணும்தான். உங்களுடையதும், சிஞ்ஞோரா."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் படியில் இருந்துவிட்டேன்.

"நான் விற்கச் சொல்லவில்லை" என்றார் சிஞ்ஞோரா. "கையெழுத்துப் போடு, போடு என்று மகன்தான் தினமும் என்னைப் பிடுங்குகிறான். போடமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவன் வீட்டில் அல்லவா சாப்பிடுகிறேன்? உன் புருஷனோ பூவும் படிக்கட்டுமாக எடுத்து அனுப்புகிறான், அதைக் காட்டித்தான் இவன் ஆள் பிடிக்கிறான். இடிந்ததை எடுத்தால் மட்டும்தான் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது."

மனைவி போனை என் காதுக்கும் தன் காதுக்கும் நடுவே பிடித்தாள்.

"இன்றைக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள்?"

"உள்ளேயே வரவில்லை, சிஞ்ஞோரா. படியோடு திரும்பிவிட்டார்கள்."

"ஓ" என்றார். அடுத்த அறையில் யாரோ நடமாடுவது கேட்டது. சிஞ்ஞோரா குரலைத் தாழ்த்தினார்.

"சனிக்கிழமை அவனே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். மரத்தில் இன்னும் பழம் இருக்கிறதா?"