பலகையா, சீவலா?

"என் மூக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் அதை நானே நினைச்சாலும் மாத்த முடியாது" என்று மூக்கர் ஒருமுறை அறிவித்தார். காப்பிக்கொட்டை ஆலையின் இயந்திரங்கள்கூட அப்போது ஒரு கணம் நின்றன. மின்சாரம் போயிருந்தது என்பது வேறு விஷயம்.

சுவை பார்ப்பது அவருடைய உத்தியோகம். ஊரார் 'மர வாசம்' என்று ஒரே மூச்சில் முடிப்பதை அவர் அவ்வளவு லேசில் விடமாட்டார். ஒரு கரண்டி உறிஞ்சிக் கண்ணை மூடுவார்; வாசம் அவரை எங்காவது கொண்டுபோய் நிறுத்தும். வெயிலில் வெடித்த விறகுக்கு முன்னால் போய் நின்றால் அது 'கட்டை'. மழை விட்டபின் சொட்டும் அடிமரமும் நாக்கோரம் கசப்பும் என்றால் 'பட்டை'. தச்சரின் இழைப்புளி ஓடிய பட்டறைத் தரையில் சுருள் சுருளாக இனிப்பு மிதந்தால் 'சீவல்', அதுதான் முதல் தரம். யாரோ பூட்டிவிட்டுப் போன அலமாரி திறந்தால் 'பலகை'. அந்த மூட்டை குப்பைக்கு. எங்கே போனாலும் அவர் கண் திறந்து திரும்பிவர ஐந்து நிமிடம் ஆகும், சம்பளத்தோடு யாத்திரை.

கொட்டை வறுப்பவர் அவருடைய அண்ணி. வெடிக்கும் சத்தத்திலேயே பதம் கண்டுபிடிப்பவர். மூக்கரின் இருபதாண்டுச் சேவையைப் பாராட்டி, அவர் கரண்டியை வைத்துக்கொள்ள ஆலை ஒரு மரப்பேழை வழங்கியது. கிடங்கில் கிடந்த பழைய பெட்டிக்கு மெருகு பூசி, உள்ளே பட்டுத்துணி ஒட்டியது. கரண்டியை ஈரத்தோடு அதில் பள்ளிகொள்ள வைப்பார் மூக்கர். அந்த வாரமே அண்ணியின் வறுவலில் பலகை. மறுவாரமும் பலகை. மூன்றாவதும் அப்படியானால் அண்ணி பை ஒட்டும் பிரிவுக்குப் போக வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் கோப்பையை அண்ணியே கொண்டுவந்து வைத்தார்.

"சொந்தக்காரின்னு சலுகை வேணாம் தம்பி. ஆனா உங்க அலமாரியை என் கோப்பைக்குள்ள இறக்காதீங்க."

"நான் என்ன அண்ணி பண்றது? மூக்கு சொல்லுது."

"அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கும் மூக்கை மட்டும் அனுப்பி வைங்க."

அவர் போனதும் மூக்கர் உறிஞ்சினார். அதே அலமாரி. 'பலகை' என்று பதிவேட்டில் மையால் எழுதிவிட்டு, கரண்டியை வெந்நீரில் அலசினார். ஜன்னல் வெயிலில் ஆவி சோம்பலாக ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே, ஏதோ நினைப்பில், வெந்நீரையும் ஒரு கரண்டி உறிஞ்சினார்.

அலமாரி திறந்தது. இம்முறை உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தார். பட்டுத்துணி விரித்திருந்தது.

வெந்நீரை யாரும் வறுப்பதில்லை.

உணவறையிலிருந்து எவருடையதோ ஒரு சாதாரணக் கரண்டியை எடுத்துவந்தார். அண்ணியின் கோப்பையையும், முந்தைய இரண்டு வறுவல்களின் மாதிரியையும் மறுபடி சுவைத்தார். காலடியில் சுருள்கள் நொறுங்கின. வெயில் தேன்போல் வழிந்தது. ஐந்து நிமிடம் போதவில்லை.

பிறகு பதிவேட்டைத் திறந்து, மூன்று 'பலகை'களையும் அடித்து, ஒவ்வொன்றின் மேலும் 'சீவல்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மை காயும்வரை ஊதிவிட்டு, மேலாளர் அறைக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார்.