வேண்டாம் என்றொரு பட்டன்

எங்கள் ஆரணியில் வீட்டுக்கு வந்தவரை "சாப்பிடறீங்களா?" என்று கேட்பார்கள். வந்தவர் "வேண்டாம்" என்பார். கேட்டவர் அதைக் காதிலேயே வாங்காமல் தட்டை எடுத்து வைத்துவிடுவார். வேண்டாம் என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவுதான் மரியாதை. ரொம்ப நாள் இதை அன்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பந்தியில் யாராவது என் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினால் நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன். இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது ஒரு பட்டுக்கடை வெப்சைட்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு மெஷின், நடுவே பிளைவுட் தடுப்பு. படிப்பு பத்தாவது. கண் பார்த்தால் கை செய்யும் என்பார்களே, அப்படி ஊரான் வெப்சைட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானும் செய்யக் கற்றுக்கொண்டேன். கீழே கடைத்தெருவில் ஒரு பட்டுக்கடை முதலாளி, வெளிநாட்டு ஜனங்களுக்குப் புடவை விற்க ஒன்று கேட்டார். செய்து கொடுத்தேன்.

அந்த வெப்சைட்டில் ஒரு வித்தை வைத்திருந்தேன். ஒருமுறை பேர் கொடுத்துப் புடவை பார்த்தவர் மறுபடி வந்தால், "வாங்க வாங்க" என்று பேரோடு கூப்பிடும். போன முறை பார்த்த புடவைகளையே முதலில் விரிக்கும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் கொடுக்கிறான் இல்லையா, அது மாதிரி வெப்சைட் ஒரு டோக்கனை வந்தவருடைய மெஷினில் போட்டு வைக்கும். அதற்குத்தான் குக்கி என்று பேர். ஒரே வித்தியாசம், செருப்பு டோக்கனை நாம் கை நீட்டி வாங்குகிறோம். இது நம் பையில் விழுந்ததே நமக்குத் தெரியாது.

லண்டனில் எங்கள் புடவையை வாங்கி விற்கிற ஒரு அம்மாவிடமிருந்து மெயில் வந்தது. அவர்கள் ஊர்ச் சட்டப்படி குக்கி வைப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் கடை வெப்சைட்டில் எங்கள் வெப்சைட்டைக் காட்ட முடியாது என்று எழுதியிருந்தார்.

முதலாளியிடம் படித்துக் காட்டினேன்.

"குக்கின்னா பிஸ்கட்டுதானே? அதுக்கு இன்னா சட்டம்?"

விளக்கிச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சரி, ரெண்டு பட்டன் வையி. 'சரி'ன்னு ஒண்ணு, 'வேண்டாம்'னு ஒண்ணு. அந்தம்மா கண்ணுக்குத் தெரியணும், அவ்ளோதான்."

"வேண்டாம்னு அமுக்கினா, மொதலாளி?"

"அமுக்கட்டும். நீ பாட்டுக்கு டோக்கனப் போடு. சாப்பிடறியான்னு கேக்கறோம், வேணான்னா வுட்டுடறமா? அவன் மரியாதைக்குச் சொல்றான், நாம மரியாதைக்குக் கேக்கறோம்."

நான் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்ல பேச்சைக் கேட்டால் மயங்கிவிடுகிற ஆள் நான். அந்தப் பேச்சின் ருசியிலேயே இரண்டு பட்டனுக்கும் ஒரே வேலையைக் கொடுத்தேன். லண்டன் அம்மா பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டார்.

அந்த மாதம்தான் சேவூரிலிருந்து ஒரு டீச்சர் சென்டருக்கு வந்தார். புருஷன் தவறிப்போய் ஆறு வருஷம். மாமியார் வீட்டிலேயே இருந்து, மாமியாரையும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கலசப்பாக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு வாத்தியார் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். இவரும் சரி என்றுவிட்டார்.

"முகூர்த்தப் புடவை பாக்கணும்ணா. கடைக்குப் போனா நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தெருவே பேசும். வர்ற ஞாயித்துக்கிழமை அத்தைகிட்ட நானே சொல்லப் போறேன். வேற வாய்லருந்து அவங்க காதுல வுழுந்தா, நான் மறைச்சேன்னு ஆயிடும். இதுல பாத்தா யாருக்கும் தெரியாதுல்ல?"

"கம்ப்யூட்டருக்கு வாயா இருக்குது, டீச்சர்?" என்றேன்.

பார்த்தார். மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்ட ஒரு புடவையில் ரொம்ப நேரம் நின்றார். வேறு கலரில் கிடைக்குமா என்று பேர் போட்டுக் கேட்டார். 'உங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளலாமா?' என்று பெட்டி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இது வேண்டாம்தானே?" என்று கேட்டு, வேண்டாமை அமுக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய கொழுந்தனார் வந்தார். கடைக்குப் போகுமுன் பெண்டாட்டிக்கு ஒரு புடவை இதில் பார்க்க வேண்டுமாம். இருந்ததே நாலு மெஷின், அவர் உட்கார்ந்தது அதே மெஷின். பெரிய ஊரில் வீட்டுக்கு ஒரு மெஷின் இருக்கலாம். எங்கள் சென்டர் மெஷின் டீக்கடை டம்ளர். ஒருத்தர் குடித்து வைத்ததில் இன்னொருத்தர் குடிப்பார். நான் அதைக் கழுவாமல் நீட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வெப்சைட் அவரை டீச்சர் பேர் சொல்லி "வாங்க வாங்க" என்றது. முகூர்த்தப் புடவைகளை வரிசையாக விரித்தது. மாம்பழக் கலர் முதலில் நின்றது.

"இது எங்க அண்ணி பேராச்சே," என்றார் அவர். புடவை பார்க்காமலே எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை டீச்சர் வந்தார். உட்காரவில்லை.

"நான் வேண்டாம்னுதானே அமுக்கினேன்?"

"ஆமாங்க."

"கொழுந்தன் அன்னிக்கே வீட்ல சொல்லிட்டாரு. அத்தை ஒண்ணும் திட்டல. 'கம்ப்யூட்டருக்குச் சொன்ன, எனக்குச் சொல்லலியே'ன்னு ஒரு வார்த்தை. அதோட எங்கிட்ட பேசறதில்ல. கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டிருப்பாங்க அவங்க. எனக்குத் தெரியும். நானே சொல்லியிருந்தா."

படியிறங்கிப் போனார். நான் முதலாளியிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டே சிரித்தார்.

"நல்ல சேதிதானேப்பா. எப்பவோ தெரியறது ஜல்தியா தெரிஞ்சுது. இதுக்குப் போயி பேஜாராவுறியே."

அந்தப் பல் குச்சியையும் அந்தச் சிரிப்பையும் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அதே சிரிப்பைக் கொஞ்ச நாள் முன்னால் நானும் சிரித்தேன் என்பது அதைவிட அருவருப்பாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊருக்கு இல்லாத இன்னொரு வாயை நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் கடைக்குள் வந்தார். பட்டப்பகல், கடை நிறைய ஆள். ஜமக்காளத்தில் உட்கார்ந்து, "முகூர்த்தப் புடவை எடுத்துப் போடுங்க," என்றார். "யாருக்கும்மா?" என்று சேல்ஸ்மேன் கேட்க, "எனக்குத்தான்" என்றார். விரித்த புடவையை விட்டுவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சர். கலர் சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க."

"சும்மா சாப்பிடுங்க," என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து சோடா பாட்டிலை நீட்டினார்.

டீச்சர் வாங்கவில்லை. முதலாளியின் கை நீட்டியபடியே இருந்தது.

"வேண்டாம்னு சொன்னேங்க."

குரலை உயர்த்தவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் ஜன்னல் கட்டையில் வைத்தார். டீச்சர் எல்லாப் புடவையையும் விரிக்க வைத்துப் பார்த்தார். மாம்பழக் கலரையும் பார்த்தார். ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனார்.

நான் மாடிக்குப் போய் முதல் வேலையாக அந்தப் பட்டனைச் சரிசெய்தேன். நாலு மெஷினிலும் இருந்த டோக்கனை எல்லாம் துடைத்தேன். வேண்டாமை அமுக்கிவிட்டு மறுபடி வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். அது என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அப்படிப் பார்ப்பதற்கு மூன்று வரிதான் எழுத வேண்டியிருந்தது. டீச்சரிடம் "கம்ப்யூட்டருக்கு வாயா இருக்குது" என்று கேட்டபோதே எனக்கு அது தெரியும்.